தளை தட்டிய இடம்

மாலை ஆறரை மணிக்கு மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறுபவர்களுக்கு இருக்கை என்பது கேள்விப்பட்ட பொருள் மட்டுமே. சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள், தியாகராய நகரில் வாங்கிய இரண்டு புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கிண்டியில் ஏறிய கூட்டம் என்னை வண்டியின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே கம்பியைப் பற்றி நின்றிருந்த இளைஞன் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, என்னைத் தெரியுதா?"

தமிழாசிரியர்களுக்கு இக்கேள்வி அன்றாடம் வருவது. கணிதமோ வேதியியலோ கற்பிப்பவருக்கு அவர் துறை மாணவர்களை மட்டும் தெரிந்தால் போதும். நாங்கள் பகுதி ஒன்று தமிழ் என்ற பெயரில் எல்லாத் துறை மாணவர்களையும் இரண்டாண்டுக் காலம் பார்க்கிறோம். எனவே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். எங்களுக்கு யாரையும் சரியாகத் தெரியாது. நான் புன்னகை செய்தேன். புரிந்துகொண்டு அவனே சொன்னான்: 2012இல் சேர்ந்த கணினி அறிவியல் மாணவன், வீடு சேலையூர். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"இப்ப என்ன பண்றேப்பா?"

"டிரைவர் எழுதுறேம்மா."

டிரைவர் ஓட்டுவார் என்று தெரியும். எழுதுவது எப்படி என்று விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். பல்லாவரத்தில் கூட்டம் குறைந்து இருவருக்கும் இடம் கிடைத்தது. சானடோரியம் தாண்டியதும் வண்டி வழக்கம்போல் நின்றுவிட்டது. 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் இத்தடத்தில், வீட்டை நெருங்கும் நேரத்தில் இப்படி நிற்பதற்கு நாங்கள் எல்லோரும் பழகியிருக்கிறோம். அவன் சன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கைக் காட்டினான்.

"முன்னாடி தண்டவாளப் பாயிண்ட் சரியான பக்கம் திரும்பி, பூட்டிக்கிட்டாத்தான் அந்த சிக்னல் பச்சையாகும். சிக்னல் போடறவரே அவசரப்பட்டாலும் ஆகாது. ஒண்ணு தயாராகாம அடுத்தது தயாராகக் கூடாதுன்னு கட்டிவச்சிருக்காங்க. நான் செய்யறதும் கிட்டத்தட்ட இதுதாம்மா. செல்போனை ஆன் பண்ணினா உள்ளே எது முதல்ல முழிக்கணும், எது பிறகு முழிக்கணும்னு பார்க்கிறது."

வண்டி பதினைந்து நிமிடம் நின்றது. அன்று தொடங்கிய பேச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணினித் துறை நண்பர்கள் என் பிழைகளைப் பொறுத்தருள்க. நான் கேட்டறிந்ததை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

*

ஒரு கணினியின் உள்ளே நடுநாயகமாக இருக்கும் மென்பொருளைக் கெர்னல் என்கிறார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் இருப்பது. திரை, கேமரா, தொடுபரப்பு, ஒலிபெருக்கி முதலிய ஒவ்வோர் உறுப்பையும் எப்படி இயக்குவது என்று கெர்னலுக்குச் சொல்லித்தரும் சிறு நிரல்தான் டிரைவர். தமிழில் இயக்கி என்று எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். விசையை அழுத்தியதும் கெர்னல் எழுந்து, ஓர் உறுப்புக்கு ஓர் இயக்கி என்று பொருத்தி, ஒவ்வொன்றையும் விழிக்கச் செய்யவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எந்த உறுப்பும் தனித்து வாழவில்லை. தொடுபரப்பு விழிக்கவேண்டுமானால் அதற்கு மின்சாரம் தரும் சில்லு முன்பே விழித்திருக்கவேண்டும். அந்தச் சில்லுடன் பேசுவதற்கு ஒரு கம்பித்தடம் வேண்டும். அந்தத் தடத்தை நடத்துவதற்கு ஒரு கட்டுப்படுத்தி வேண்டும். அந்தக் கட்டுப்படுத்திக்குத் தாளம் போட ஒரு கடிகாரத் துடிப்பு வேண்டும். துடிப்பு இல்லையேல் தடம் இல்லை. தடம் இல்லையேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் விரல் பட்டாலும் திரைக்குத் தெரியாது.

"இந்த ஒண்ணை ஒண்ணு நம்பியிருக்கிறதுக்குத் தமிழ்ல என்னம்மா சொல்லலாம்?" என்றான்.

"சார்பு" என்றேன். என் துறையில் மிகப் பழைய சொல் அது. தனித்து ஒலிக்காமல் பிறவற்றைச் சார்ந்தே வரும் எழுத்துகளுக்குச் சார்பெழுத்து என்று பெயர். தொல்காப்பியர் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றைச் சொன்னார். நன்னூலார் அதைப் பத்தாக விரித்தார். எது முதல், எது சார்பு என்று பிரித்துவைக்காமல் எங்கள் இலக்கணம் ஓரடிகூட நகராது.

கெர்னலை எழுதியவர்கள் முதலில் கண்ட வழி படிநிலை. பூச்சியம் முதல் ஏழு வரை எண்ணிட்ட எட்டுப் படிகள். அடிப்படையானவை முதற்படிகளில், பேருந்துத் தடங்கள் போன்ற பொதுத் தடங்களும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் நடுப்படிகளில், சாதாரண உறுப்புகளின் இயக்கிகள் ஆறாவது படியில், எல்லாம் முடிந்தபின் செய்யவேண்டியவை ஏழாவதில். ஒரு படியில் உள்ளவை அனைத்தையும் அழைத்து முடித்த பிறகே அடுத்த படிக்கு ஏறும்.

இதைக் கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. யாப்புக்கும் அப்படித்தானே? எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. எழுத்தைக் குறில் நெடில் என்று அறியாதவனுக்கு நேரசையும் நிரையசையும் வாரா. அசை வாராதவனுக்குத் தேமா புளிமா வாரா. சீர் வாராதவனுக்குத் தளை பார்க்க வாராது. ஆண்டுதோறும் இதே ஆறு படிகளில்தான் மாணவர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

"அதேதாம்மா. ஆனா படி போதலை" என்றான்.

ஆறாவது படியிலேயே நூற்றுக்கணக்கான இயக்கிகள் குவிந்துவிடும். அவற்றுக்குள் எது முந்தி, எது பிந்தி? அதைத் தீர்மானித்தது நிரலைத் தொகுக்கும் கோப்பில் எந்த வரி மேலே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். யாரேனும் ஒருவர் அந்த வரிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடம் மாற்றினால் எங்கோ ஒரு பலகையில் திரை இருண்டுவிடும். தம் இயக்கி பிந்திவிடுகிறதே என்று கண்டவர்கள் அதைத் தூக்கி நான்காவது படியில் வைத்தார்கள். எல்லோரும் அப்படிச் செய்யத் தொடங்கினால் படிக்கு என்ன பொருள்? மேசைக்கணினிகளின் காலத்தில் பெரும்பாலான உறுப்புகள் தாமே தம்மை அறிவித்துக்கொண்டன, தொல்லை குறைவு. கைபேசிகளிலும் அவை போன்ற சிறு பலகைகளிலும் உறுப்புகள் பேசாமடந்தைகள். இன்னின்ன இடத்தில் இன்னின்னது இருக்கிறது என்று யாராவது எழுதிக்கொடுத்தால்தான் உண்டு. ஒரே கெர்னல் ஆயிரம் வகைப் பலகைகளில் ஓடவேண்டும். ஒரு பலகைக்குப் பொருந்தும் வரிசை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

*

இங்கேதான் அவன் எனக்கு ஓர் எண்ணைச் சொன்னான். 517.

ஓர் இயக்கி தன் உறுப்பைப் பற்றிப் பார்க்கிறது. வேண்டிய மின்சாரம் இன்னும் வரவில்லை. பழைய காலத்தில் அது பிழை என்று விடை சொல்லும். கெர்னல் அந்த உறுப்பைக் கைவிட்டு மேலே போய்விடும். அரை நொடி கழித்து மின்சாரச் சில்லு விழித்திருக்கும். ஆனால் கைவிட்டதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. 2012இல், 3.4 என்ற பதிப்பில், கிராண்ட் லைக்லி என்பவரின் முயற்சியால் ஒரு புதிய விடை சேர்க்கப்பட்டது. அதன் எண் 517. பொருள் இதுதான்: நான் தோற்கவில்லை, எனக்கு வேண்டியது இன்னும் வரவில்லை, பிறகு அழை.

517 என்று விடை வந்தால் கெர்னல் அவ்வுறுப்பைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறது. வேறு எந்த உறுப்பாவது வெற்றியுடன் விழித்தெழுந்தால், அதனால் யாருக்கேனும் வழி பிறந்திருக்கலாம் என்று பட்டியலில் உள்ள எல்லோரையும் மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கிறது. இந்த எண் கெர்னலுக்குள் மட்டுமே புழங்குவது. வெளியே இருக்கும் செயலிகளுக்குத் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் வார்த்தை போல.

"முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கு உங்க கிளாஸ்தாம்மா ஞாபகம் வந்தது" என்றான். "குற்றியலிகரம்."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாசகர்களில் யாப்பு அறியாதோர்க்காகச் சிறிது விளக்குகிறேன். 'வரவினிது' என்ற சொல்லோடு 'யார்க்கும்' என்ற சொல் புணர்ந்தால் 'வரவினி தியார்க்கும்' என்றாகும். ஈற்று உகரம் இகரமாகக் குறுகியிருக்கிறது. வெண்பாவில் இதை அலகிடுவோம். 'வரவினி' நிரைநிரை, கருவிளம். விளத்தின் முன் நேர் வரவேண்டும் என்பது விதி. அடுத்த சீரில் 'தி'யை எண்ணினால் 'தியார்க்' நிரையாகிவிடுகிறது, தளை தட்டுகிறது. உடனே பாட்டைப் பிழை என்று தள்ளிவிடுவதில்லை. திரும்பிப் போகிறோம். அந்தக் குறுகிய இகரத்துக்கு அலகு கொடுக்காமல் மீண்டும் எண்ணுகிறோம். 'யார்க்கும்' தேமா. விளத்தின் முன் நேர், தளை பொருந்துகிறது. சீரும் தளையும் சிதையும் இடத்தில் குறுகிய இகர உகரங்கள் அலகு பெறாமல் போகலாம் என்று காரிகை இடமளித்திருக்கிறது. ஓர் எழுத்தை எண்ணுவதா விடுவதா என்பது அந்த எழுத்திடம் இல்லை. முன்னே நிற்கும் சீரையும் பார்த்த பிறகே தெரியும். அதுவரை தீர்ப்பைத் தள்ளிவைக்கவேண்டும்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அமிதசாகரர் எழுதியதையும் 2012இல் ஒரு கெர்னலில் சேர்ந்ததையும் இணைத்துப் பெருமை கொண்டாடும் எண்ணம் எனக்கில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் உள்ள பொறுமை ஒன்றுதான் என்று தோன்றியது.

வண்டி நகர்ந்தது. "நல்லாப் புரிஞ்சு படிச்சிருக்கே" என்றேன் மகிழ்ச்சியோடு.

அவன் சற்றுத் தயங்கினான். "நீங்க எனக்குத் தமிழ் வராதுன்னு சொன்னீங்கம்மா" என்றான்.

*

தாம்பரம் நிலையத்தின் படிகளில் ஏறும்போதே அவன் அதைச் சொல்லி முடித்துவிட்டான். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வேறொருவருக்கு நடந்ததைப் போலச் சொன்னான்.

2013இன் தொடக்கம். முதலாண்டு இரண்டாம் பருவம். அவன் தந்தைக்குப் பட்டறையில் கை நசுங்கி மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. விடியலில் வீடுவீடாகப் பால் பாக்கெட் போடும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டான். அது முடிந்து தங்கையைப் பள்ளியில் விட்டு அவன் கல்லூரிக்கு வரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். அந்தப் பருவத்தில் முதல் வகுப்பு பெரும்பாலும் தமிழ். அசை நடத்திய நான்கு நாளும் அவன் இல்லை. பிறகு வந்தபோது சீர் நடந்துகொண்டிருந்தது. அசை தெரியாதவனுக்குச் சீர் ஏறவில்லை. சீர் ஏறாதவனுக்குத் தளை வெறும் ஓசை. உள்தேர்வில் வெண்பாவை அலகிடச் சொன்னேன். கிட்டத்தட்ட வெற்றுத்தாள் கொடுத்தான்.

"எல்லாருக்கும் முன்னாடி தாளைத் தூக்கிக் காட்டினீங்க. கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்குத் தமிழ் எதுக்குன்னு நினைக்கிறே போல, உனக்குத் தமிழ் வராதுன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. அதுதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. நினைவில் இல்லாத அளவுக்கு அது எனக்குச் சாதாரணமான செயலாக இருந்திருக்கிறது. பழைய குறிப்பேடுகளை நான் தூக்கிப்போடுவதில்லை. முடிச்சூரில் என் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியை இறக்கி 2013ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். அவன் பெயருக்கு எதிரே என் கையெழுத்து: 'ஆர்வமில்லை.' ஒரே சொல். ஏன் என்ற கேள்வியை நான் கேட்டதற்கான தடயம் அந்தப் பக்கத்தில் எங்குமில்லை.

பிழை, 517 என்ற இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேற்றுமை என்னிடம் இல்லாமல் இருந்திருக்கிறது. எனக்கு ஒரே விடைதான் தெரிந்திருந்தது.

*

இரண்டு ஞாயிறு கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். நான்தான் அழைத்திருந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகையையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தான். பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் மடிக்கணினித் திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின. ஒவ்வொரு வரிக்கும் முன்னே நொடிக்கணக்கு. பள்ளி இறுதியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் இந்த வரிகளை முதன்முதலில் பார்த்ததாகச் சொன்னான். 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்றவர்கள் வேறு பக்கம் போய்ப் படம் பார்த்தபோது இவன் அந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"தமிழ் அரியரை எப்ப முடிச்சே?" என்று கேட்டேன்.

2015 நவம்பரில் எழுதவேண்டியது. மழையால் தேர்வு தள்ளிப்போனது. அந்த விடுமுறையில், அலகிடுவதற்கு ஒரு சிறு நிரல் எழுதினால் பாடம் புரியும் என்று உட்கார்ந்தானாம். குறில், நெடில், ஒற்று என்று பிரித்து, அசையாக்கி, சீராக்கி, தளை பார்த்தது நிரல். பல வெண்பாக்களுக்குச் சரியாக வந்தது. சிலவற்றில் மட்டும் தளை தட்டியது. நூல் தவறா, நிரல் தவறா என்று பாடப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் குற்றியலிகரம் கண்ணில் பட்டிருக்கிறது. நிரலில் ஒரு மாற்றம் செய்தான்: தளை தட்டினால் பிழை என்று சொல்லாதே, பின்னால் போய் அந்த எழுத்தை விட்டுவிட்டு மீண்டும் எண்ணு. தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. வேலையில் சேர்ந்து 517ஐப் பார்த்தபோது, தான் முன்பே எழுதியது என்று தோன்றியதாம்.

"ஆனா 517உம் போதலைம்மா" என்றான். இவனிடம் எதுவும் போதுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

'பிறகு அழை' என்று சொல்வது நல்லதுதான். ஆனால் யாரை எதிர்பார்த்து நிற்கிறேன் என்று அது சொல்வதில்லை. கெர்னலும் கேட்பதில்லை. யார் விழித்தாலும் எல்லோரையும் மறுபடி அழைக்கிறது. பெரும்பாலோர் மறுபடியும் 517 என்கிறார்கள். நேரம் வீணாகிறது. எதிர்பார்த்தது வரவே வராத உறுப்பு கடைசிவரை பட்டியலிலேயே கிடக்கிறது, காரணம் தெரியாமலே. 2020இல்தான் தள்ளிவைக்கும்போது காரணத்தையும் குறித்துவைக்க ஒரு வசதி வந்தது. இன்ன உறுப்பு நிற்கிறது, இன்னதற்காக நிற்கிறது என்று இப்போது பட்டியலில் பார்க்கலாம்.

இன்னொரு வேலை அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. அதைச் செய்தவர் கூகுளில் பணியாற்றிய சரவண கண்ணன் என்ற நிரலாளர். பலகையில் உள்ள உறுப்புகளை விவரிக்கும் கோப்பில் எது எதனிடம் மின்சாரம் பெறுகிறது, எது எதனிடம் துடிப்பு பெறுகிறது என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கெர்னலே படித்து, கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று இணைப்புப் போட்டுவிட்டால் என்ன? கொடுப்பவர் விழிக்கும்வரை பெறுபவரை எழுப்பவே வேண்டாமே? சில பலகைகள் முரண்டு பிடித்ததால் ஒருமுறை பின்வாங்கி, 2021இல் 5.13ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பான வழியாயிற்று. அந்த இணைப்புக்குத் தமிழில் என்ன சொல் என்று அவன் கேட்கும் முன்பே நான் சொன்னேன்: தளை. யாப்பில் தளை எந்தச் சீருக்கும் சொந்தமன்று. நிற்கும் சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் இடையே உள்ள உறவுக்குப் பெயர் அது.

"எல்லாத் தளையும் தெரிஞ்சுட்டா ஒரேயடியா வரிசைப்படுத்திட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

அதற்கு வழி 1962லேயே ஆர்தர் கான் என்பவர் எழுதியிருக்கிறார் என்றான். யாரையும் சாராதவற்றை முதலில் எடு, அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கு, இப்போது சார்பற்றுப் போனவற்றை எடு, இப்படியே தொடர். ஆனால் எல்லாச் சார்பும் முன்கூட்டித் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். கெர்னலுக்குத் தெரியாது, பாதியில் செருகப்படும் உறுப்புகள் உண்டு. அதைவிடப் பெரிய தடை சுழல். அ என்பது ஆவைச் சார்ந்து, ஆ என்பது அவைச் சார்ந்து நின்றால் எதை முதலில் எடுப்பது? உண்மையான பலகைகளில் இத்தகைய சுழல்கள் இருக்கின்றன.

சுழலை எனக்கு அவன் விளக்கவேண்டியிருக்கவில்லை. முடிச்சூர்க்காரர்களுக்கு 2015 டிசம்பர் தெரியும். முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடியத் தொடங்கியபோதும் எங்கள் மனை பள்ளம் என்பதால் இடுப்பளவு நின்றது. நீரை இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். மீட்டர் பெட்டி வரை நீர் நிற்கும்போது மின்சாரம் விடமுடியாது, விடவும் கூடாது. நீர் போனால் மின்சாரம். மின்சாரம் வந்தால் நீர் போகும். மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து இந்தச் சுழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் தெருக்கோடி வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு டீசல் என்ஜினைக் கொண்டுவந்து இறைத்தார். மின்சாரத்தைச் சாராத ஒன்று வந்ததும் சுழல் அறுந்தது.

கெர்னலும் கிட்டத்தட்ட அதையே செய்கிறதாம். சுழலைக் கண்டால், அச்சுழலில் உள்ள இணைப்புகளுக்கு மட்டும் வரிசைக் கட்டாயத்தைத் தளர்த்திவிடுகிறது. முட்டி மோதி எழுந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது. அங்கே மீண்டும் பழைய 517தான் துணை.

*

புறப்படும் முன் அவன் சொன்ன ஒன்றை எழுதாமல் முடிக்க மனமில்லை.

பலகையில் மின்சாரம் முதலியன சில, கெர்னல் எழும்முன்பே, அதை ஏற்றிவிடும் சிறு நிரலால் திறந்துவிடப்பட்டிருக்கும். கெர்னல் எழுந்து கணக்குப் பார்க்கும்போது, பயன்படுத்துவார் யாருமில்லை என்று தோன்றும் இணைப்புகளை அணைத்துவிடும். வீண் செலவு அல்லவா? ஆனால் பயன்படுத்தப்போகும் உறுப்பு இன்னும் விழிக்காமல் இருந்திருக்கலாம். அணைத்ததும் அது விழிக்கும் வழியே இல்லாமல் போகும்; அல்லது எரிந்துகொண்டிருந்த திரை பாதியில் இருண்டுவிடும். இணைப்புகள் தெரிந்த பிறகு இதற்கும் வழி பிறந்தது. கொடுக்கும் உறுப்பு, தன்னைச் சார்ந்த ஒவ்வொன்றும் விழித்துவிட்டது என்ற செய்தி வரும்வரை எதையும் அணைக்காமல் காத்திருக்கும். கடைசி ஆள் எழுந்த பிறகே தன் கணக்கை முடிக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு, காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். மன்னிப்பு என்ற சொல்லை நான் வாசல் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த வாரம் தொலைபேசியில் சொன்னேன். "அதெல்லாம் இல்லம்மா" என்று பேச்சை மாற்றினான். அவன் ஏற்றுக்கொண்டானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மனிதர்கள் உறுப்புகள் அல்லர் என்பதை அறிவேன். பல பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருப்பதில்லை. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரின் சார்பையும் ஆராய எனக்கு நேரமும் இல்லை. பருவம் என்ற படிநிலை என் கையில் இல்லாதது. ஏப்ரலில் தேர்வு என்றால் ஏப்ரலில் தேர்வுதான். பட்டியலில் கிடக்கும் எல்லோரையும் திரும்பத்திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தால் விழித்திருப்பவர்களின் நேரம் போகும் என்ற கெர்னலின் தொல்லை எனக்கும் உண்டு. செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம்: காரணத்தைக் குறிப்பது.

இந்த ஆண்டு யாப்பு தொடங்கியபோது குறிப்பேட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டு வைத்தேன். தலைப்பு, 'எதற்காக நிற்கிறது?' சென்ற மாதம் உள்தேர்வில் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி அலகிடும் கேள்வியை விட்டுவிட்டிருந்தாள். வகுப்பு முடிந்தபின் கூப்பிட்டுக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, கரும்பலகையில் நான் எழுதும் ஒற்றுப்புள்ளிகள் அவளுக்குத் தெரிவதில்லை என்றாள். புள்ளி தெரியாவிட்டால் ஒற்றுக்கும் உயிர்மெய்க்கும் வேற்றுமை தெரியாது; அசை பிரியாது.

முதல் வரிசையில் அமரச் சொன்னேன். கண்ணாடிக்கு என்ன செய்வது என்று அவள் வீட்டில் பேசவேண்டும். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'புள்ளி' என்று எழுதிவைத்திருக்கிறேன். மதிப்பெண் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.